அடித்தகடு போட்ட காருக்கு சர்வீஸ் எங்கே?

பெங்களூரு குழிகளுக்குப் பயந்து எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு போட்டாயிற்று. ஆயில் மாற்றும்போதுதான் சிக்கல். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேராகத் தகட்டில் ஓட்டை இல்லையென்றால் முழுத் தகட்டையும் கழற்ற வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு ஒழுங்காக இருக்கும், வாரன்டிக்கு அது நல்லது. ஆனால் வெளியே வாங்கிய தகட்டைத் தொடச் சிலர் தயங்குவார்கள். தொட்டாலும் தனி லேபர் கேட்கலாம். அவசரத்தில் ஏர் கன்னால், அதாவது காற்றழுத்தத்தில் போல்ட் முடுக்கும் கருவியால், தகட்டு போல்ட்டைக் கோணலாக முடுக்கினால் மரை போய்விடும்.

அல்சூர், வில்சன் கார்டன் பக்கத்துச் சின்ன கராஜில் நின்று பார்க்கலாம், அதுதான் பெரிய வசதி. தமிழிலேயே சொல்லலாம்: "அண்ணா, முதல்ல கையால முடுக்குங்க, போல்ட்டுக்கு கிரீஸ் வைங்க." தகட்டில் தேங்கிய சேற்றையும் கழுவச் சொல்லுங்கள், ஈரமண் இருந்தால் துரு வரும். ஆயில் கசிவையும் பார்க்க வேண்டும். சொட்டு தரையில் விழாமல் தகட்டிலேயே தேங்கிவிடும். பில் மட்டும் கேட்டு வாங்க வேண்டும், ஆயில் டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.

வாரன்டி இருக்கும்வரை நான் கம்பெனிக்கே போவேன், தகட்டைக் கழற்றுவார்களா என்று போனில் கேட்டுவிட்டு. அப்புறம் கராஜ்தான்.