'ஆண் ஹார்மோன் கம்மி' பேக்கேஜ்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஐம்பத்தெட்டு வயசுல இதையெல்லாம் வெளிய சொல்லணுமான்னு வீட்டுல கேட்டாங்க. எவனும் வெளிய சொல்ல மாட்டான்கிற தைரியத்துலதான் இந்த மாதிரி கிளினிக்காரங்க கடையே ஓடுது. அதனால எழுதுறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போறதால கிளினிக் பேரு மட்டும் இப்போ வேண்டாம்.

சென்னையில ஆண்களுக்குன்னே நடத்துற 'வெல்னஸ்' கிளினிக். எப்பப் பார்த்தாலும் அசதி, எதுலயும் நாட்டமில்லைன்னு போனேன். முதல்ல ஒரு படிவம். சாப்பிட்டதும் தூக்கம் வருதா? சிடுசிடுன்னு இருக்கீங்களா? உயரம் குறைஞ்ச மாதிரி இருக்கா? சாம்பார் சாதம் சாப்பிட்டா எவனுக்குத்தான் தூக்கம் வராது! இதுக்கு மூலம் 'ஆடம்'ங்கிற அமெரிக்கக் கேள்வித்தாள்னு பின்னாடி தெரிஞ்சுது. ஒரு மருந்துக் கம்பெனி கேட்டதுக்காக, கழிவறையில உட்கார்ந்து இருபது நிமிஷத்துல எழுதினேன்னு அதை உருவாக்கின டாக்டர் ஜான் மோர்லியே பத்திரிகைக்குச் சொல்லியிருக்கார்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. மத்தியானம் நல்லா சாப்பிட்டுட்டுப் போனவன்கிட்ட நாலு மணிக்கு ரத்தம் எடுத்தாங்க. டெஸ்டோஸ்டிரோன்கிற ஆண் ஹார்மோன் காலையில ஏறி, பொழுது போகப் போக இறங்குற சரக்கு, சாப்பிட்டாலும் இறங்கும். காலையில வெறும் வயித்துல, ரெண்டு தனித்தனி நாள் பார்த்து, ரெண்டுமே கம்மியா இருந்து, அறிகுறியும் இருந்தாத்தான் சிகிச்சைப் பேச்சே. எனக்கு ஒரே தடவை, 271. "300-க்குக் கீழ போயிடுச்சு சார், ஆறு மாச டெஸ்டோஸ்டிரோன் ஊசி பேக்கேஜ் எடுத்துடுங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. டாக்டர் வீடியோ காலில் வந்து ரெண்டு நிமிஷம் சிரிச்சிட்டுப் போயிட்டார்.

எனக்கு சர்க்கரை உண்டு. இதயத்துக்கு ஒண்ணும் ஆகாதான்னு கேட்டேன். கிளினிக்ல பேக்கேஜ் பத்திப் பேசுற 'கவுன்சிலர்' பையன் 2023-ல வந்த 'டிராவர்ஸ்' ஆய்வை போன்ல காட்டினான். மாரடைப்பு, பக்கவாதம் கூடலைன்னு அதுல இருக்கிறது நிஜம்தான். ஆனா அந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரையும் ரெண்டு காலைப் பரிசோதனை பார்த்துத்தான் சேர்த்தாங்க. ஊசி இல்லை, ஜெல் கொடுத்தாங்க. அப்படியும் இதயத் துடிப்பு தாறுமாறாகிறதும் நுரையீரல்ல ரத்தம் கட்டுறதும் மருந்து எடுத்தவங்களுக்கு அதிகம். அந்தப் பக்கத்தை அவன் தள்ளிக்கிட்டே போயிட்டான்.

ஊசியை உள் ரூம்லயே சிரிஞ்சுல ஏத்தி, தட்டுல வச்சுக் கொண்டு வருவாங்க. மஞ்சளா, எண்ணெய் மாதிரி கெட்டியா இருக்கும். மருந்து இருந்த குப்பியைக் காட்டுங்கன்னா, "அது ஸ்டெரைல் ஏரியா சார்". பில்லுல மருந்து பேரு இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, 'ஹார்மோன் ஆப்டிமைசேஷன்'னு ஒரே வரி. டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத ஷெட்யூல் எச் மருந்து இது!

பொய் சொல்லக் கூடாது, முதல்ல கொஞ்ச நாள் தெம்பாத்தான் இருந்தது. அப்புறம் முகம் சிவந்து போச்சு, தலைவலி, பிரஷரும் ஏறிடுச்சு. கிளினிக்ல கேட்டா, "நல்ல ரத்தம் ஊறுது சார்"னு சிரிக்கிறாங்க. வெளி லேப்ல பார்த்தா ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுக்களோட சதவீதம், 56. 54-ஐத் தாண்டினாலே ஊசியை நிறுத்தணும், ரத்தம் கெட்டியாகி எங்க வேணாலும் அடைச்சுக்கும்னு ஹார்மோன் கோளாறு பார்க்கிற நாளமில்லா சுரப்பி டாக்டர் சொன்னார். ஊசி ஆரம்பிக்கும் முன்னாடி ஹீமட்டோகிரிட், புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ரெண்டும் பார்த்தாங்களான்னு கேட்டார். ரெண்டும் பார்க்கலை.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, "குறட்டை விடுவீங்களா?" வீட்டுல சிரிச்சுட்டாங்க. தூக்கப் பரிசோதனையில மூச்சு அடிக்கடி நின்னு நின்னு போறது தெரிஞ்சுது. என் அசதிக்குக் காரணம் அதுதான்; இந்த ஊசி அதை மோசமாக்கவும் செய்யுமாம். ஊசியை விட்டு மாசங்கள் கழிச்சு, காலையில வெறும் வயித்துல ரெண்டு தரம் பார்த்தப்போ ரெண்டும் 400-க்கு மேல.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மீதித் தொகையை முடி வளர்ற பேக்கேஜா மாத்தித் தர்றாங்களாம்!

சிகிச்சைப் பதிவேட்டை நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல டாக்டர் கொடுத்தாகணும். பதிவுத் தபால்ல கேட்டிருக்கேன், பதில் இல்லை. அங்க பணம் கட்டினவங்க பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஊசி போட்டுக்கிட்டு இருக்கிறவங்க நாளைக்குக் காலையிலயே வெளி லேப்ல ஹீமட்டோகிரிட் பார்த்துடுங்க.