மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை தோல் கிளினிக்: எரிகாயத்தில் முளைத்த சிவப்புக் கட்டிக்குப் போனோம்

எரிகாயம் ஆறிவரும் இடத்தில் சிவப்பாக ஏதாவது முளைத்து, தொட்டாலே இரத்தம் வந்தால் தோல் கிளினிக்குக்குப் போங்கள். எங்கள் மகளை அங்கே பார்த்த விதத்தை வைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பொங்கலுக்குக் காய்ச்சிய பால் அவள் முன்கையில் ஊற்றுப்பட்டுவிட்டது. உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தோம், பிறகு மருந்து கட்டினோம், காயமும் ஆறத் தொடங்கியது. சில வாரம் கழித்து, புதுத்தோல் வந்த இடத்திலேயே மாதுளம் முத்து மாதிரி ஒன்று முளைத்தது. மினுமினுப்பு, அடி ஒடுக்கம், அடியைச் சுற்றி வெள்ளையாக உரிந்த தோல். பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னன். பெரியது நாளுக்கு நாள் வளர்ந்தது. சட்டைக்கை உரசினாலே இரத்தம், அதுவும் இலேசில் நிற்காது.

முதலில் காட்டிய தனியார் இடத்தில் கட்டைக்கூட அவிழ்க்காமல் கிருமிக்கு ஒரு கிறீம் எழுதித் தந்தார்கள். ஒன்றும் குறையவில்லை. தலைமயிரால் இறுக்கிக் கட்டினால் விழுந்துவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் இரத்தக் குழாய்கள் திரண்ட கட்டியில் தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

கிளினிக்கில் டொக்டர் கட்டை ஈரமாக்கி, மெதுவாகக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "பயப்படாதீங்க அம்மா, இது புற்றுநோய் இல்லை, ஒட்டுற வருத்தமும் இல்லை" என்றார். பயோஜெனிக் கிரானுலோமா என்று பெயர். காயம் ஆறும்போது புது இரத்தக் குழாய்கள் உருவாகத்தான் வேண்டும். சில பேருக்கு அந்த வளர்ச்சி அளவு மீறிப் போய் இப்படித் திரளும். கிருமியால் வருவதல்ல, அதனால்தான் அந்த கிறீம் வேலை செய்யவில்லை. கொதிக்கிற பால், தண்ணீர் பட்ட குழந்தைகளுக்கு இப்படி ஒரே நேரத்தில் பல முளைப்பதும் உண்டாம். 1897 இலேயே வைத்தியர்கள் எழுதிவைத்த வருத்தம் இது என்று பிறகு வாசித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, மூன்றையும் வெட்ட வேண்டும் என்று அவசரப்படாததுதான். எரிகாயத்தில் வருபவை சில மாதத்தில் தானாகவே சுருங்கலாம் என்று சொல்லி, சின்னன் இரண்டையும் விட்டு, இரத்தம் வடிந்ததை மட்டும் எடுத்தார். விறைப்பு ஊசி போட்டு, சுரண்டி, அடியை மின்சூட்டால் பொசுக்கினார்கள். ஊசிக்கு மட்டும் கத்தினாள். தாதி மிஸ் ஒருவர் அவளைத் தன் பக்கம் திருப்பி, "மகள், பாடசாலையில உங்கட கூட்டாளி யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர்கள் சொல்லி முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த மிஸ்ஸுக்கு என்றும் நன்றியோடு இருப்பேன்.

எடுத்த துண்டைப் பயொப்சிக்கு, அதாவது நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் கெட்ட கட்டியும் அபூர்வமாக உண்டு என்பதால் அது கட்டாயம். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. திரும்ப முளைக்கவும் கூடும், வந்தால் மறுகா காட்டுங்கள் என்றார்கள். இதுவரை இல்லை. விட்டுவைத்த இரண்டும் வற்றி, இப்போது தடவினால்தான் தெரிகிறது.

அரச வைத்தியசாலை என்பதால் காசு ஒன்றும் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டு எடுத்துக்கொண்டு போனோம். பிள்ளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போங்கள், சனம் இருக்கும். வழியில் இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். அப்புறம், காயத்துக்கு முன்பு போட்ட மருந்துகளின் பெட்டியையும் எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.