உறங்கினால் எழ மறுக்கும் மினி கணினி

வீட்டுக் கோப்புகளையும் பிரிண்டரையும் எல்லாரும் பகிர்ந்துகொள்வதற்காக வாங்கிய இந்த மினி கணினியின் வேகத்தில் குறையில்லை, சத்தமும் இல்லை. ஆனால் ஸ்லீப் நிலையிலிருந்து எழுந்தபின், திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், வேறொரு கணினியில் பகிர்வுக் கோப்புறையைத் திறந்தால் பச்சைப் பட்டை பாதி தூரம் ஊர்ந்து நின்றுவிடுகிறது. லேன் கேபிளைக் கழற்றி மாட்டினால்தான் இணைப்பு திரும்புகிறது. மற்ற கருவிகள் தடையின்றி இயங்கியதால் ரவுட்டரைக் குற்றம் சொல்ல வழியில்லை.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகமான நெட்வொர்க் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கியதும் துண்டிப்பு நின்றது. எனினும் அதை நீக்கினால், உறங்கும் கணினியை நெட்வொர்க் வழியே எழுப்பும் வசதியும் சேர்ந்தே முடங்கிவிடுகிறது (கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது). ஆகவே அனுமதியைத் திருப்பிக் கொடுத்து, அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரின் புதிய பதிப்பை நிறுவியதே நிலையான தீர்வாக அமைந்தது. கூடவே, கணினியை எழுப்புவதற்கென்றே அனுப்பப்படும் மேஜிக் பாக்கெட் என்ற செய்திக்கு மட்டும் எழ வேண்டும் என்ற தேர்வையும் இட்டுவிடுவது நல்லது. அடாப்டரின் அடையாள எண்ணான மேக் முகவரியை 16 முறை தாங்கிவரும் அந்தச் செய்திக்கன்றி, நெட்வொர்க்கில் உலவும் பிற போக்குவரத்துக்கெல்லாம் கணினி நள்ளிரவில் விழித்துக்கொள்ளாது. பழைய டிரைவருடனேயே விற்பனைக்கு அனுப்பிய அலட்சியத்துக்காக ஐந்தில் மூன்று நட்சத்திரம்தான் தருகிறேன்.