பண்ணைப் பாலா, பாக்கெட் பாலா?

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மாட்டுப் பண்ணை இப்போது வீட்டுமனைகள். அப்போதெல்லாம் விடியற்காலையில் சைக்கிளில் கேன் வரும். அம்மா சொம்பை நீட்டினால் ஆழாக்கில் அளந்து ஊற்றிவிட்டு, மேலே கொஞ்சம் கொசுறும் விடுவார்கள். காய்ச்சினால் ஏடு கனமாகப் படியும். அதற்கு அண்ணனோடு சண்டை வேறு. ஆனால் தினமும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. மடியில் முதலில் கறக்கும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் கறப்பதில் அதிகம். தண்ணீர் கலந்தார்களா என்பது தனி வழக்கு!

ஆவின் பாக்கெட்டில் அந்தக் குழப்பம் இல்லை: நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. டீக்குப் பச்சையே போதும். தயிருக்கு மட்டும் என் ஓட்டு பண்ணைப் பாலுக்குத்தான். பாக்கெட்டில்தான் உறை ஊற்ற வேண்டுமென்றால், சரி, ஆரஞ்சு வாங்குங்கள்.