வாங்கிய ரோலெக்ஸுக்கு என்ன வயது? பேப்பரா, சீரியல் நம்பரா, பின்மூடியா

என் அப்பாவுக்கு இரண்டு பிறந்தநாள். பிறந்தது ஐப்பசியில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார்களாம், விரல் எட்டிவிட்டது, தலைமையாசிரியர் கணக்குக்கு ஒத்துவருகிற மாதிரி ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிட்டார், ரிட்டயர் ஆகிறவரை அரசாங்கத்துக்கு அதுதான் அவர் பிறந்தநாள். 2025 ஜூலையில் சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஒரு பழைய வாட்ச் கடையில் நான் வாங்கிய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் அப்பாவையும் மிஞ்சிவிட்டது. அதற்கு நாலைந்து பிறந்தநாள் தேறியது.

மாடல் 16234. ஸ்டீல் கேஸ், வெள்ளைத் தங்க வரிவிளிம்பு, ஜூபிலி செயின். விலை 7,200 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். கடைக்காரர் "2001 மாடல் பாஸ், பேப்பர் இருக்கு" என்றார். பேப்பரும் இருந்தது. அந்தக் காலத்து ரோலெக்ஸ் கேரண்டித் தாள், சீரியல் நம்பரைச் சின்னச் சின்ன ஓட்டைகளாகக் குத்தியிருப்பார்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நம்பர் மின்னும். தேதி மார்ச் 2001. எனக்கு அது போதும் என்று பட்டது. போதாது என்று தெரிய மூன்று வாரம் ஆனது.

வாட்ச்சின் வயதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து நாலு வழி: பேப்பர் அல்லது கார்டு, சீரியல் நம்பர், கம்பெனி ஆவணம், வாட்ச்சையே திறந்து பார்ப்பது. என் ஓட்டு கடைசி வழிக்குத்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பேப்பரும் கார்டும் நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது. அதில் இருப்பது விற்ற தேதி, செய்த தேதி இல்லை. பைக் வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பதிவு வருடமும் வண்டி ஃபேக்டரியை விட்டு வந்த வருடமும் வேறு வேறாக இருக்குமே, அதே கதை. கடையில் இரண்டு வருடம் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தாலும் கார்டில் தேதி விழுவது நீங்கள் பணம் கட்டிய அன்றுதான். புது வாட்ச் வாங்குபவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. ரோலெக்ஸ் 2015 ஜூலையிலிருந்து ஐந்து வருட கேரண்டி தருகிறது, அது விற்ற நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பழசு வாங்குபவருக்குத்தான் சிக்கல். அதோடு தாள் தனி, வாட்ச் தனி. நம்பர் பொருந்தினால் அந்தத் தாள் அந்த கேஸுக்கு உரியது என்று அர்த்தம், உள்ளே இருக்கிற மற்ற சாமான்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்தது சீரியல் நம்பர். பழைய ரோலெக்ஸில் இதைப் பார்க்க ஆறு மணிப் பக்கம் செயினைக் கழற்ற வேண்டும், கேஸின் இரண்டு கொம்புக்கும் நடுவே பொடி எழுத்தில் இருக்கும் (பன்னிரண்டு மணிப் பக்கம் இருப்பது மாடல் நம்பர், குழப்பிக்கொள்ளாதீர்கள்). 2005-க்குப் பிறகு மெல்ல மெல்ல டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1987-லிருந்து நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். ஆர் என்றால் 1987 வாக்கில், டபிள்யூ என்றால் 1995 வாக்கில், கே என்றால் 2001 வாக்கில், இசட் என்றால் 2006 வாக்கில். இந்தப் பட்டியல் ரோலெக்ஸ் வெளியிட்டது இல்லை, சேகரிப்பவர்கள் பல வருடமாகச் சேர்த்து ஒட்டுப்போட்டது. அதனால் ஒரு பட்டியலுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு வருடம் முன்னே பின்னே வரும். என்னுடையது யு வரிசை, அதாவது 1997 பிற்பகுதி, மிஞ்சிப்போனால் 1998. தாளில் 2001. ஆக கேஸ் செய்து இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் யாரோ ஒருவர் கடையில் இதை வாங்கியிருக்கிறார்.

2010 வாக்கில் ரோலெக்ஸ் இந்த வரிசையையே விட்டுவிட்டு நம்பரைக் கலைத்துப் போட ஆரம்பித்தது. அதற்குப் பிந்தைய வாட்ச் என்றால் சீரியலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கார்டுதான் கதி. இந்த விஷயத்தில் சீக்கோவைப் பாராட்ட வேண்டும். முதல் எண் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம் (அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் எழுத்து), ஒளிவுமறைவே இல்லை. எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் மாடலை வைத்து முடிவுசெய்ய வேண்டும். விலை குறைந்த வாட்ச்சில் பிறந்த மாதம் தெரிகிறது, ஏழாயிரம் வெள்ளி வாட்ச்சில் ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பெனி ஆவணம் பற்றி என் அனுபவம் குறைவு. ரோலெக்ஸ் அப்படி ஒரு பழைய பதிவை எடுத்து நம் கையில் தருவதில்லை. பாடெக் ஃபிலிப் காசு வாங்கிக்கொண்டு செய்த தேதி, விற்ற தேதி இரண்டையும் எழுதித் தரும், ஆனால் அந்த விலை வாட்ச் என் ஜாதகத்தில் இல்லை. லாஞ்சின்ஸிடம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கையால் எழுதிய பேரேடுகள் செயிண்ட் இமியே ஊரில் இருக்கின்றன, சீரியல் நம்பரை அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். நான் கிட்டத்தில் பார்த்தது நண்பன் ஒருவனின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மட்டும்தான். 145.022 மாடல், உள்ளே 861 மெஷின். விற்றவர் "நிலாவுக்குப் போன வருடத்து வாட்ச்" என்று சொல்லி விலை ஏற்றியிருந்தார், ஆதாரம் பின்மூடிக்கு உள்ளே பொறித்திருந்த 69. கம்பெனியிடமிருந்து ஆவணம் வந்தபோது 1971 என்று இருந்தது. 69 என்பது அந்தக் கேஸ் வகையின் அடையாளம், அந்த மூடியை அதற்கப்புறம் இரண்டு வருடம் வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நண்பன் இரண்டு நாள் பேசவில்லை.

ஆவணம் நல்லதுதான். ஆனால் அதுவும் நம்பருக்குத்தான் பதில் சொல்லும், பாகங்களுக்கு இல்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு பழைய ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்க்குக்கு மேல் ஏலம் போனது. 2023-ல் அது பல வாட்ச்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று ஒமேகாவே சொன்னது. வாங்கியதும் ஒமேகாதான். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நானெல்லாம் எந்த மூலைக்கு?

சரி, என் வாட்ச்சுக்கு வருவோம். திறப்பதற்கு முன்னாலேயே வெளியிலிருந்து சில விஷயம் பார்க்கலாம், பூதக்கண்ணாடி ஒன்று போதும். செயின் லாக்கின் உள்பக்கம் ஒரு குறியீடு இருக்கும், எழுத்து வருடத்துக்கு, எண் மாதத்துக்கு. என்னுடையதில் ஏபி4, அதாவது 2000 ஏப்ரல். கேஸ் 1997, செயின் 2000. கண்ணாடியில் ஆறு மணிக்கு நேராக, சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற கிரீடக் குறி ஒன்று இருக்கிறது. அந்தக் குறி 2000-களின் தொடக்கத்தில்தான் வந்தது, ஆக கண்ணாடி மாற்றியது. டயலில் அடிப்பக்கம் இன்னும் சுவாரஸ்யம். 1997 வாக்கு வரைக்கும் முள்ளிலும் புள்ளியிலும் இருட்டில் ஒளிர்வதற்காக டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசினார்கள், அந்த டயல்களில் ஸ்விஸ் என்ற சொல்லைச் சுற்றி டி என்ற எழுத்து இருக்கும். அப்புறம் கொஞ்ச காலம் வெறும் ஸ்விஸ். அதற்கப்புறம் ஸ்விஸ் மேட். என் டயலில் ஸ்விஸ் மேட். ராத்திரி குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் டார்ச்சை அரை நிமிடம் காட்டிப் பார்த்தேன், பச்சையாகக் குபீரென்று எரிந்தது. டிரிடியத்துக்கு அரை ஆயுள் 12 வருடம் சொச்சம், 1997-ல் பூசியது இன்று ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும், இப்படி எரியாது. ஆக டயலும் முள்ளும் பிற்பாடு மாட்டியவை.

இது வரைக்கும் எனக்குக் கோபம் இல்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. கோபம் வந்தது வாட்ச் நின்றபோது. வெள்ளி ராத்திரி கழற்றி வைத்தேன், ஞாயிறு காலை பார்த்தால் சனிக்கிழமை தேதியிலேயே செத்துக் கிடக்கிறது. இந்த 3135 மெஷின் முழுக்க ஏறியிருந்தால் 48 மணி நேரமாவது ஓட வேண்டும். கையில் கட்டியிருக்கும்போதும் நாளைக்குப் பத்து வினாடி பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டால் "பழைய வாட்ச், அப்படித்தான்" என்றார். அப்படித்தான் இல்லை.

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி, வாட்ச் ரிப்பேர் செய்கிற ஒரு சீன அங்கிளிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர், நாலடிக்கு நாலடிக் கடை. முதலில் மைக் வைத்த ஒரு சின்ன மெஷினில் வாட்ச்சை மாட்டினார். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரம் ஒரு வீச்சுக்கு எத்தனை டிகிரி ஆடுகிறது என்பதை அது டிக் டிக் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும். ஆரோக்கியமான மெஷின் 270-க்கு மேல் ஆட வேண்டும். என்னுடையது முழுக்கச் சாவி கொடுத்த பிறகும் 208. அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, பின்மூடியைத் திருகித் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறியது போல இரண்டு எழுத்தும், பக்கத்தில் 7-09 என்றும் இருந்தது. ரிப்பேர் செய்கிறவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் இப்படிக் கீறி வைப்பது பழைய பழக்கமாம். 2009 ஜூலை. அதற்கு மேலே வேறு கீறலே இல்லை, கீழேயும் இல்லை. அதாவது, எனக்குத் தெரிந்த வரைக்கும், பதினாறு வருடமாக யாரும் எண்ணெய் போடவில்லை. தானாகச் சாவி ஏற்றுகிற அந்த ரோட்டரைக் கழற்றியபோது அடியில் கருப்பாகப் பொடி. இந்த மெஷினில் ரோட்டரின் அச்சு எண்ணெயை நம்பித்தான் சுற்றுகிறது, எண்ணெய் காய்ந்துவிட்டால் அச்சு தேய்ந்து ரோட்டர் சரிந்து அடியில் இருக்கும் தகட்டை உரசும், அந்த உரசலில் உதிர்ந்ததுதான் அந்தப் பொடி. நான் ஆசை ஆசையாக மூன்று வாரம் கட்டிக்கொண்டு திரிந்ததும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பின்மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கித் தட்டையாகிவிட்டது, ஊசிமுனையால் தொட்டதும் ஒரு துண்டு பிய்ந்து வந்தது. இதைக் கட்டிக்கொண்டு செந்தோசா கடலில் இறங்கலாம் என்று நினைத்திருந்தேன்!

நான் பின்மூடிக்கு ஓட்டுப் போட இதுதான் காரணம். பேப்பர் சொன்ன 2001-ஆலோ சீரியல் சொன்ன 1997-ஆலோ எனக்கு ஒரு காசு செலவும் கூடவில்லை, குறையவும் இல்லை. 7-09 என்ற கீறல்தான் 520 வெள்ளி செலவு வைத்தது, சர்வீஸுக்கும் ரோட்டர் அச்சுக்கும் சேர்த்து. எண்ணெய்க்குத் தெரிந்த வயது ஒன்றுதான், கடைசியாக எப்போது போட்டார்கள் என்பது. இப்போது வரும் ரோலெக்ஸுக்கு ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒரு சர்வீஸ் என்று கம்பெனியே சொல்கிறது, ஒமேகா ஐந்திலிருந்து எட்டு வருடம் என்கிறது. அப்படியானால் 1985 வாட்ச் ஒன்று போன வருடம் சர்வீஸ் ஆகியிருந்தால் அது என் கணக்கில் 2001 வாட்ச்சைவிட இளசு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. திருப்பி விற்க நினைத்தால் உலகம் பேப்பரையும் சீரியலையும்தான் கேட்கும், எண்ணெயை யாரும் கேட்க மாட்டார்கள். டயல் மாற்றியது என்று தெரிந்தால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஒரிஜினல் டிரிடியம் டயல் மஞ்சள் பாரித்துப் போயிருந்தாலும் அதற்குத்தான் கிராக்கி. பெட்டியில் வைத்துப் பூட்டி விற்பதற்காக வாங்குபவர் என் பேச்சைக் கேட்காமல் இருப்பதே நல்லது. அப்புறம், கீறல் இல்லாவிட்டால் சர்வீஸே ஆகவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இப்படிக் கீறாமலும் இருக்கலாம், தனியாகச் சீட்டும் இரண்டு வருட கேரண்டியும் கொடுப்பார்கள், அந்தச் சீட்டு தொலைந்துபோயிருக்கலாம். அப்போதும் அந்த டிகிரி மெஷின் இருக்கவே இருக்கிறது, அதை யாரும் தொலைக்க முடியாது.

வாங்குவதற்கு முன்னால் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடை என்றால் ஐந்து நிமிட வேலை. "திறந்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும்" என்று சொன்னால் புது வாஷர் போட்டு மூடி பிரஷர் டெஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் நான் இப்போது வெளியே வந்துவிடுவேன். ஜூலையில் வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் வாட்ச் திரும்ப வந்தது. 285 டிகிரி, நாளைக்கு இரண்டு வினாடி முன்னால். மூடுவதற்கு முன் அங்கிள் ஊசியைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், இந்தக் காலத்து ஆட்களுக்குக் கீறினால் பிடிப்பதில்லை, வேண்டுமா என்று கேட்டார். கீறச் சொன்னேன். பழையதற்கு நேர் கீழே, கொஞ்சம் கோணலாக, 8-25.