மூன்று வாரமா, ஒரு வருடமா, போகாமலேயா: சாம்பியா கிராமப் பள்ளிக்கு எது உதவும்?

சாம்பியாவுக்குப் போய் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசை என்று சொல்பவர்களிடம், உங்களால் எவ்வளவு நாள் ஒதுக்க முடியும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மூன்று வாரம் என்றால் ஒரு வழி, ஒரு வருடம் என்றால் வேறு வழி. இரண்டிலும் நான் போயிருக்கிறேன். ஊரை விட்டு நகராமலே செய்யக்கூடிய மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம்.

முதலில் மூன்று வாரம். இதற்கென்றே லிவிங்ஸ்டன் நகரைச் சுற்றி நிறைய ஏற்பாடுகள் உண்டு, விக்டோரியா அருவி பக்கத்திலேயே இருப்பதால். காலையில் பள்ளி, சனி ஞாயிறு அருவியும் யானையும். பணம் நாம்தான் கட்ட வேண்டும். எனக்குச் சென்னையிலிருந்து விமானச் சீட்டையும் சேர்த்து இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆனது. இரண்டாம் வகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். உடல் உறுப்புகளின் பெயரைச் சொல்லும் ஆங்கிலப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன், முதல் வரி முடிவதற்குள் வகுப்பு மொத்தமும் சேர்ந்து முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டது. அப்புறம் ஒரு சிறுமியின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ‘என் பெயர்’, ‘என் வயது’ என்று தொடங்கும் அதே ஆங்கிலப் பாடம் நான்கு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ. ஒன்றில் பச்சை மையில் டிக், இன்னொன்றில் நட்சத்திர ஸ்டிக்கர், மற்றதில் வேறொருவரின் கையெழுத்து. எனக்கு முன்னால் வந்த நான்கு பேரும் நல்ல மனதோடு வந்தவர்கள்தான். ஆனால் முந்தையவர் எதில் விட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாததால், அந்தப் பிள்ளை ஒரே படியில் நான்கு முறை நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

மொழி இன்னொரு சிக்கல். முதல் நான்கு வகுப்புகளுக்கு உள்ளூர் மொழியில்தான் பாடம் என்று சாம்பியாவில் 2013-இல் வந்த பாடத்திட்டம் வைத்தது. லிவிங்ஸ்டன் இருக்கும் தெற்கு மாகாணத்தில் அது டோங்கா. எழுத்துக்கூட்டிப் படிக்கவே டோங்காவில் பழகிக்கொண்டிருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு நம் ஆங்கிலம் எதற்கு ஆகும்? பள்ளி நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மூன்று பருவம், ஜனவரி, மே, செப்டம்பரில் தொடக்கம். ஆகஸ்டில் லீவு கிடைத்தது என்று டிக்கெட் எடுத்தால் பூட்டிய பள்ளியைத்தான் பார்ப்பீர்கள்.

சரி, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால்? அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1961-இல் அமெரிக்க அரசு தொடங்கிய பீஸ் கோர் என்ற தன்னார்வலர் திட்டம் இருக்கிறது. சுமார் மூன்று மாதப் பயிற்சி, அதன்பின் இரண்டு ஆண்டுகள் கிராமத்தில். பயிற்சியிலேயே உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி கற்க வைப்பார்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. நம்மூர்க்காரர்கள் அதில் சேர முடியாது. 1958-இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பு பிற நாட்டவரையும் எடுக்கிறது, ஆனால் தொழில் அனுபவம் கேட்கும். சொந்த ஏற்பாட்டில் போவதானால் விசாவையும் பதிவையும் முதலில் முடியுங்கள். அங்கே ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் கவுன்சிலில் பதிவு வேண்டும், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

நான் இரண்டாவது முறை போனது தெரிந்தவர் ஒருவர் மூலமாக, அதே தெற்கு மாகாணத்தின் சோமா நகரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கு. முதல் பருவம் முழுக்கக் கற்றுக்கொண்டது நான்தான். பெரியவர்களைப் பார்த்தால் உள்ளங்கையைக் குவித்துத் தட்டி ‘முவபுக்கா புத்தி’ என்று காலை வணக்கம் சொல்வதிலிருந்து, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது வரை. இரண்டாவது பருவத்தில்தான் என்னால் ஏதாவது ஆனது. அதுவும் வகுப்பை நான் எடுத்ததால் வந்ததில்லை, வகுப்பாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்தது.

இதில் நம் நாட்டுச் சங்கதி ஒன்று உண்டு. மும்பையில் 1995-இல் தொடங்கிய பிரதம் அமைப்பு, பிள்ளைகளை வயதையோ வகுப்பையோ பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழுவாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்தது. சாம்பியாவின் கல்வி அமைச்சு அதை 2016-இல் ‘கேட்ச் அப்’ என்ற பெயரில் சோதனையாகத் தொடங்கியது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரையான பிள்ளைகளுக்கு. நான் இருந்த பள்ளியில் அந்தக் ‘கேட்ச் அப்’ வகுப்பு நேரத்தில் எழுத்தே தெரியாத பன்னிரண்டு பேரை என்னிடம் விட்டார்கள். டோங்கா எழுத்துகளை ஆங்கிலம் மாதிரி குழப்பாமல் அப்படியே ஒலிக்கலாம். மா, மே, மி, மோ, மு என்று அட்டையில் வரிசையாக எழுதினால் நம் உயிர்மெய் வரிசையைப் பார்ப்பது போலவே இருக்கும். பதினோரு வயதுப் பையன் ஒருவன், மூன்று வாரம் வாயே திறக்காதவன், ஒரு நாள் ‘மு… லி… மோ’ என்று விரலை வைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தான். வேலை என்று பொருள். அவன் அம்மா தினமும் வீட்டில் சொல்லும் வார்த்தை, முதல் முறையாக அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வாரத்தில் நான் கிளம்பியிருந்தால் அவன் குரலைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது மூன்றாவது வழி. அரசுப் பள்ளி எட்டாத இடங்களில் ஊர்க்காரர்களே நடத்தும் சமூகப் பள்ளிகள் சாம்பியாவில் தொண்ணூறுகளிலிருந்து பெருகின. அங்கே பாடம் நடத்துபவர்கள் பலரும் அந்த ஊர்த் தன்னார்வலர்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. 2022-இல் அரசு மேல்நிலை வரை கட்டணத்தை நீக்கி அந்த ஆண்டே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை எடுத்தது, பெரிய காரியம்தான். ஆனாலும் ஒதுக்குப்புறக் கிராமங்களில் சுண்ணக்கட்டியைப் பிடித்திருப்பது இன்னும் இவர்கள்தான்.

நான் இருந்த ஊருக்கு அடுத்த ஊரில் அப்படி ஓர் அக்கா. ஒரு மணி நேரம் நடந்து வருவார். ஒரு சுண்ணக்கட்டியை மூன்றாக ஒடித்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார், ஒரு நாளைக்கு ஒரு துண்டு. அறுவடை முடிந்ததும் பெற்றோர்கள் ஆளுக்கொரு வாளி மக்காச்சோளம் தருவார்கள், அதுதான் அவர் சம்பளம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை குதிரில் எதுவும் இருக்காது, யாராலும் தர முடியாது. அப்போது அவர் மற்றவர்கள் வயலில் களையெடுக்கப் போவார், அங்கே அதை ‘பீஸ்வொர்க்’ என்பார்கள். அவர் வயலுக்குப் போகும் நாளில் பள்ளி இல்லை. ஜனவரியில்தானே புது வகுப்பு தொடங்குகிறது! 2024 பிப்ரவரியில் வறட்சியைத் தேசியப் பேரிடராக அந்நாட்டு அரசு அறிவித்ததே, அந்த மாதிரி வருடத்தில் அறுவடைக்குப் பிறகும் வாளி நிரம்பாது.

அவருக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதைக் காசாக்கினால் என் விமானச் சீட்டில் பாதிகூட வராது. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. ஆகவே மூன்று வாரம்தான் முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது, போக வேண்டாம், அந்தப் பணத்தை இப்படிப்பட்ட ஓர் ஆசிரியரின் பஞ்ச மாதங்களுக்குக் கொடுங்கள். ஆனால் தனி ஆள் கையில் கொடுக்காதீர்கள், ஊருக்குள் மனக்கசப்பு வரும். பெற்றோர் குழு வழியாக, பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் தெரியும்படி கொடுங்கள். இத்தனை வருடம் தருவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூன்று வருடமாவது. ஒரு வருடம் கொடுத்து நிறுத்தினால், வயல் வேலையை விட்டுவிட்டு வந்தவர் நடுவில் நிற்பார்.

ஒரு வருடம் ஒதுக்க முடிந்தவர்கள் தயங்காமல் போங்கள், வகுப்பாசிரியருக்குத் துணையாக இருக்கத் தயாராக இருந்தால். மூன்று வாரம் கண்டிப்பாகப் போயே தீருவேன் என்றால், வகுப்பைக் கேட்காதீர்கள். புத்தகங்களுக்கு அட்டை போடுங்கள், எழுத்து அட்டை எழுதிக் கொடுங்கள், பதிவேடு எழுதும் நேரத்தை ஆசிரியருக்கு மிச்சப்படுத்துங்கள்.

அந்த அக்காவின் பள்ளிக்கு நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பணம் அனுப்பத் தொடங்கி இது இரண்டாவது வருடம். ஜனவரியில் பள்ளி திறந்த அன்றே செய்தி அனுப்பினார்: நாற்பத்தொரு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், உட்கார இடம் போதவில்லை, இரண்டு பெட்டி சுண்ணக்கட்டி வேண்டும்.