சிறப்பு அணிப் பயிற்சியா, தாக்குதல் பயிற்சியா?

அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சியாளராகத் துடிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. பந்தை வைத்துப் புள்ளி எடுக்க முயல்வது தாக்குதல் பிரிவு; பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கென இறங்குவது சிறப்பு அணி.

பதவி உயர்வு: தாக்குதல் பிரிவே குறுக்குவழி. ஷான் மெக்வே 2017இல், 30 வயதிலேயே ராம்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். சிறப்பு அணி நீண்ட பாதை. ஜான் ஹார்பா 1998 முதல் 2006 வரை ஈகிள்ஸ் அணியில் அந்தப் பிரிவைக் கட்டி மேய்த்தார். பிறகு ஓராண்டு தடுப்பாட்டப் பயிற்சி. 2008இல்தான் ரேவன்ஸ் அணி தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது.

ஆட்களை அறிதல்: சிறப்பு அணியே மேல். தாக்குதல் பயிற்சியாளருக்குப் பாதி அணிதான் பழக்கம். சிறப்பு அணிப் பயிற்சியாளரோ தாக்குதல், தடுப்பாட்டம் என இரு பக்கத்து வீரர்களையும் சேர்த்து ஓடவிடுகிறார்.

புகழ்: தாக்குதலுக்குத்தான். சிறப்பு அணிப் பயிற்சியாளரை, தன் அணி உதைத்த பந்தை எதிரணி தடுத்த அன்றுதான் தேடுவார்கள், அதுவும் திட்டுவதற்கு!

அவசரக்காரருக்குத் தாக்குதல், முழு அணியையும் ஆளப் பழக நினைப்பவருக்குச் சிறப்பு அணி.